கறிச்சட்டிக்கும் குளிசைப் போத்தலுக்கும் இடையில் சிப்பிக் காளான்

யாழ்ப்பாணத்தையும் பருத்தித்துறையையும் இணைக்கும் வீதியில், வடமராட்சியின் முதன்மைக் கடைத்தெருக்களுள் ஒன்றாக விளங்கும் நெல்லியடி போன்ற ஊர்களில், மரக்கறிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் பொதுவான சரக்கென்று எதுவும் நெடுங்காலம் இருந்ததில்லை. அந்த எல்லையைக் கடந்துவிட்ட சில பொருட்களுள் காளானும் ஒன்று. பொலித்தீன் பையில் ஈரத்தோடு விற்கும்போது அது கறிக்குரிய பொருளாகவும், உலர்த்தி அரைத்து உறைக்குள் அடைத்து விற்கும்போது உடலுக்கு ஏதோ ஒரு குறையை நிரப்பும் பொருளாகவும் கருதப்படுகிறது. இவ்வகையில் நாளாந்த உணவுக்கு மேலதிகமாகக் குளிசை, தூள், சாறு ஆகிய வடிவங்களில் உட்கொள்ளப்படுவதும், நோயைக் குணப்படுத்தும் மருந்தென்று சட்டப்படி உரிமை கோர இயலாததுமான பொருளையே இவ்வுரை குறைநிரப்பு உணவு என்று குறிப்பிடுகிறது. கறியாக உண்ணும்போது கிடைக்காத எதனைக் குளிசை தருகிறது என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. இலங்கையில் மிகுதியாகப் பயிரிடப்படுவதும், இலங்கையிலேயே மனிதரிடம் சோதிக்கப்பட்டதுமான சிப்பிக் காளான் அதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

காளான் தாவரமன்று. அது பங்கசு எனப்படும் தனி இராச்சியத்தைச் சேர்ந்தது. பச்சையம் இல்லாததால் சூரிய ஒளியிலிருந்து உணவு ஆக்க இயலாமல், மரம், வைக்கோல், சருகு முதலியவற்றை நொதியங்களால் கரைத்து உறிஞ்சி வாழ்வது. கடையில் காளான் என்று வாங்கப்படுவது அவ்வுயிரியின் கனியுடல் மட்டுமே. அதன் உண்மையான உடல் மரத்தூளுக்குள் வெள்ளை நூல்களாகப் பரந்து கிடக்கும் பூசணவலை ஆகும். சிப்பிக் காளான் எனப்படுவது பிளூரோட்டசு என்ற சாதியைச் சேர்ந்த பல இனங்களுக்குப் பொதுப்பெயர். அவற்றுள் பிளூரோட்டசு ஒஸ்ட்ரியேட்டசு, இலங்கை வளர்ப்பாளர் அபலோன் என்று அழைக்கும் பிளூரோட்டசு சிஸ்டிடியோசசு ஆகிய இரண்டும் இவ்வுரைக்கு முக்கியமானவை. பட்டமரத்தை மட்டுமே நம்பி வாழும் உயிரிக்கு நைதரசன் தட்டுப்பாடு எப்போதும் உண்டு. அதனை ஈடுசெய்யப் பிளூரோட்டசின் நூல்கள் நுண்ணிய வட்டப்புழுக்களை நஞ்சுத்துளியால் செயலிழக்கச் செய்து உட்புகுந்து உண்கின்றன என்பதை, கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தினர் 1984இல் வெளியிட்டனர். விரத நாளில் இறைச்சிக்கு மாற்றாகக் காளானைச் சமைக்கும் வீடுகளும், அதே நாளில் அதனை அடுக்களைக்குள் விடாத வீடுகளும் யாழ்ப்பாணத்தில் அருகருகே இருப்பதை எண்ணும்போது, பின்னவர்களுக்கு இச்செய்தி எதிர்பாராத ஆதரவாக அமையக்கூடும்.

இலங்கையின் காளான் அறிவு புதியதன்று. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் புற்றுகளில் முளைக்கும் காளானைத் தேடிப் பறித்துச் சமைக்கும் வழக்கம் தமிழரிடமும் சிங்களவரிடமும் நிலவியதாகும். கறையான் தன் கூட்டுக்குள் பங்கசைத் தோட்டமாகப் பேணுவதைப் பேராதனையில் அரச பங்கசியலாளராகப் பணியாற்றிய தொம் பெட்ச் 1906இல் விரிவாக எழுதினார். சிங்களவர் ஊரு பஹ என்று அழைத்து உண்ணும் பெரிய காளானுக்கு, இலங்கையிலிருந்து சென்ற மாதிரியைக் கொண்டு 1847இலேயே பெர்க்லி என்ற ஆங்கிலேயர் அறிவியற்பெயர் இட்டார். அது இன்று பிளூரோட்டசு சாதியிலேயே வைக்கப்படுகிறது. நரம்புக்கல வளர்ச்சியின் மீது அதற்குள்ள விளைவை மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் விக்கினேஸ்வரி சபாரத்தினத்தின் குழு ஆய்வுகூடத்தில் ஆராய்ந்தது. காட்டுக் காளானைப் பற்றிய இம்மரபு அறிவு எவ்வளவு மதிப்புடையதாயினும், நஞ்சுக் காளானை நல்லதிலிருந்து பிரித்தறியும் பொது விதி எதுவும் அதில் இல்லை. வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு, பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பன போன்ற நம்பிக்கைகள் உயிரைக் குடிக்கக்கூடியவை. எனவே இனி இங்குக் கூறப்படுவன அனைத்தும் வளர்ப்புக் காளானுக்கு மட்டுமே உரியன.

புதிய சிப்பிக் காளானில் ஏறத்தாழ 90 சதவீதம் நீர். 100 கிராம் காளான் சுமார் 33 கிலோகலோரியையும் 3 கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதத்தையும் தருகிறது. ஆதலால் புரதத்துக்காக மட்டும் அதனை உண்போருக்குப் பருப்பே மலிவானது. காளானின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. அதன் கலச்சுவர், இறாலின் ஓட்டில் உள்ள கைற்றின் என்ற பொருளாலும், பீற்றாகுளுக்கன் எனப்படும் கிளைத்த நார்ப்பொருளாலும் ஆனது. அக்கலச்சுவருக்குள், மனித உடல் தானாக ஆக்கிக்கொள்ள இயலாத எர்கோதயோனைன் என்ற கந்தகச் சேர்வையும், புற ஊதாக் கதிர் பட்டால் விற்றமின் டீ2 ஆக மாறும் எர்கோத்தெரோலும் உள்ளன. எர்கோதயோனைன் 1909இல் தனரே என்ற பிரெஞ்சு வேதியியலாளரால் கண்டறியப்பட்டதாயினும், அதனைக் குடலிலிருந்து கலங்களுக்குள் கொண்டுசெல்வதற்கென்றே ஒரு கடத்திப் புரதம் மனித உடலில் இருப்பது 2005இல்தான் தெரியவந்தது. உடல் ஒரு பொருளைத் தேடிச் சேமிப்பது அப்பொருளின் பயனுக்கு ஒரு குறிப்பாகலாமே தவிர, நிரூபணமாகாது.

இனி, இலங்கையில் நடந்த ஆய்வு. ஜயசூரிய, சுரேஷ், அபேதுங்க, பெர்ணான்டோ, வனிகதுங்க ஆகியோரைக் கொண்ட இலங்கை ஆய்வுக்குழு மேற்கூறிய இரு சிப்பிக் காளான்களையும் உறையவைத்து உலர்த்தித் தூளாக்கி, முதலில் எலிகளில் சோதித்து அதன் முடிவுகளை 2012இலும், பின்னர் மனிதரில் சோதித்து அதன் முடிவுகளை 2015இலும் வெளியிட்டது. இரண்டாவது ஆய்வில் நலமுள்ள தன்னார்வலர்களும், மருந்து உட்கொள்ளாமல் உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் நோயைப் பேணிவந்த இரண்டாம் வகை நீரிழிவு நோயாளரும் பங்குபற்றினர். யாழ்ப்பாணத்தில் சலரோகம், சீனி வருத்தம் என்றெல்லாம் வழங்கும் இந்நோயில், உடல் இன்சுலினுக்குச் சரிவரப் பணியாததால் குருதியில் குளுக்கோசு தேங்குகிறது. காளான் தூளை நீரில் கலந்து அருந்தச் செய்து, பின்னர் அளவிட்ட குளுக்கோசு கொடுத்துக் குருதியைப் பரிசோதித்தபோது, நலமுள்ளோரிடம் வெறுவயிற்று அளவும் உணவுக்குப் பிந்திய அளவும் குறைந்தன. நோயாளரிடம் உணவுக்குப் பிந்திய அளவு குறைந்ததோடு இன்சுலின் உயர்ந்தது.

இவ்விளைவு எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் குழுவினர் எலிகளில் தேடியபோது கிடைத்த விடை எதிர்பார்ப்புக்கு மாறானது. நார்ப்பொருள் மிகுந்த உணவு குடலில் குளுக்கோசு உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தும் என்பது பொதுவான விளக்கமாக இருக்க, இங்கு உறிஞ்சல் கூடியிருந்தும் குருதியின் குளுக்கோசு குறைந்தது. எனவே காளானின் செயல் குடல் வாயிலில் அன்றி, அதற்கு அப்பால், இன்சுலின் சுரப்பைத் தூண்டுவதிலும், குளுக்கோசைக் கிளைக்கோசன் என்ற சேமிப்பு மாப்பொருளாக மாற்றுவதைத் தடுக்கும் ஒரு நொதியத்தை அடக்குவதிலும் இருக்கலாமென்று அவர்கள் கருதினர். கிளைக்கோசன் ஆக்கம் கூடினால், உறிஞ்சப்பட்ட குளுக்கோசு குருதியில் நில்லாது ஈரலிலும் தசையிலும் சேர்ந்துவிடும்.

இவ்வாய்வில் கொடுக்கப்பட்ட அளவு உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 50 மில்லிகிராம். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவருக்கு அது 3 கிராம் தூள். பத்துப் பங்கு புதிய காளான் உலர்ந்து ஒரு பங்காகிறது என்று கொண்டால், 3 கிராம் தூள் என்பது சுமார் 30 கிராம் புதிய காளான்; சந்தையில் வழக்கமாகக் கிடைக்கும் 200 கிராம் பையில் ஆறு பேருக்கு மேல் பங்கிடக்கூடிய அளவு; ஒரு வேளைக் கறியில் ஒருவர் தட்டில் விழும் துண்டுகளுக்கும் குறைவானது. குளிசையாக நோக்கினால், ஒரு கூட்டில் 500 மில்லிகிராம் அடைக்கப்பட்டிருக்குமாயின் அதே அளவுக்கு ஆறு குளிசைகள் வேண்டும். நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு என்று உறையில் எழுதப்பட்டிருந்தால், வாங்குபவர் ஆய்வு நடந்த அளவின் மூன்றிலொரு பங்கையோ அதனினும் குறைவையோ பெறுகிறார். காளான் குறைநிரப்பு உணவு பற்றிய விவாதத்தில் நுண்ணிய வேதியியலைவிட இந்த எளிய கணக்கே கூடுதலாக உதவுகிறது. அதனை விளம்பரங்கள் போட்டுக்காட்டுவது அரிது. அதே அளவு வேறோர் ஆய்விலும் தோன்றுகிறது: சிங்கப்பிடரிக் காளான் என்று கூறத்தக்க எரிசியம் எரினேசியசைக் கொண்டு, இலேசான மறதிக் குறைபாடுள்ள 30 முதியோரிடம் நடத்தி 2009இல் யப்பானில் வெளியிடப்பட்ட சோதனையில், நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் கொண்ட 12 குளிசைகள், அதாவது 3 கிராம், 16 வாரம் கொடுக்கப்பட்டன. அறிவுத்திறன் புள்ளிகள் உயர்ந்தன. நிறுத்தி நான்கு வாரம் சென்றதும் இறங்கின.

உட்கொள்ளும்வரை மட்டும் நிலைக்கும் விளைவு என்ற இதே போக்கு வங்காளதேசத்திலும் காணப்பட்டது. டாக்காவின் நீரிழிவு மருத்துவமனையொன்றில் 89 நோயாளருக்கு ஏழு நாள் சிப்பிக் காளான் கொடுத்து, ஏழு நாள் நிறுத்தி, மீண்டும் ஏழு நாள் கொடுத்தபோது, குருதிக் குளுக்கோசும் கொலஸ்திரோலும் முறையே இறங்கி, ஏறி, மறுபடி இறங்கின என்று 2007இல் எழுதப்பட்டது. மருத்துவமனை உணவின் கட்டுப்பாடே இறக்கத்துக்குக் காரணம் என்ற ஐயத்தை நடுவாரத்து ஏற்றம் ஓரளவு நீக்குகிறது. ஆயினும் காளான் இன்றி ஒப்பிடப்பட்ட தனிக்குழு இல்லாமை அவ்வாய்வின் பலவீனம். மனிதரில் நடந்த எட்டு சோதனைகளைத் தொகுத்து ஜேர்மனியிலிருந்து 2020இல் வெளிவந்த மீளாய்வு, குளுக்கோசு, கொழுப்பு ஆகியவற்றில் நன்மை தெரிகிறது என்றும், ஆனால் அச்சோதனைகளின் அமைப்பு பிழைக்கு இடமளிப்பதால் நம்பகத்தன்மை குறைவு என்றும் ஒரே மூச்சில் கூறியது. இவ்விரு பாதிகளுள் முதற்பாதி மட்டுமே விற்பனைத் தாள்களுக்குச் சென்று சேர்கிறது.

தூளாக்கிய உணவைவிட, பிரித்தெடுத்த சேர்வைகளைக் கொண்டு நடந்த ஆய்வுகள் கட்டுக்கோப்பானவை. சிப்பிக் காளானின் பீற்றாகுளுக்கனைப் பிரித்து புளூரான் என்ற பெயரில் சிலோவாக்கியாவில் 175 சிறாரிடம் சோதித்தபோது, சோதனைக்காலத்தில் சுவாசத்தொற்றே வராதோர் அக்குழுவில் 36 சதவீதமாகவும் போலிமருந்துக் குழுவில் 21 சதவீதமாகவும் இருந்தனர் என்று 2013இல் அறிவிக்கப்பட்டது. யப்பானியரின் சிட்டாகே காளானிலிருந்து 1969இல் பிரிக்கப்பட்ட லெந்தினான், 1985இல் அந்நாட்டில் இரைப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணைமருந்தாக அனுமதி பெற்றது. ஆனால் அது ஊசிவழி ஏற்றப்படுவது. நாளத்துக்குள் செலுத்தும் தூய சேர்வைக்குக் கிடைத்த அனுமதியை, விழுங்கும் தூளுக்குச் சான்றாகக் காட்டுவது முறையாகாது. நாளொன்றுக்கு 3 கிராம் பீற்றாகுளுக்கன் கொலஸ்திரோலைக் குறைக்கும் என்று ஓட்சு தானியத்துக்கு மேல்நாடுகளில் ஏற்கப்பட்ட உரிமைகோரலைக் காளானுக்கு இரவல் வாங்குவதும் அத்தகையதே. இரண்டின் பிணைப்பமைப்பும் வேறு. 3 கிராம் காளான் தூளில் உள்ள பீற்றாகுளுக்கன் ஒரு கிராமைக்கூட எட்டாது.

கொலஸ்திரோலைப் பொறுத்தவரை ஒரு சுவையான செய்தி உண்டு. அகிரா எண்டோ என்ற யப்பானியர் பென்சிலியம் பூசணத்தில் தொடங்கிய தேடலின் விளைவாகத் தோன்றிய ஸ்ரற்றின் மருந்துகளில் முதலாவதாக 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்ரற்றின், சிப்பிக் காளானின் கனியுடலிலும் உள்ளது என்று 1995இல் சிலோவேனிய ஆய்வாளர் அறிவித்தனர். ஆனால் அதன் அளவு குலத்துக்குக் குலம், வளர்த்த ஊடகத்துக்கு ஏற்ப, பறித்த பருவத்துக்கு ஏற்ப மாறுகிறது. மருத்துவர் 20 அல்லது 40 மில்லிகிராம் என்று எழுதித்தரும் மருந்தை, அளவு தெரியாத மூலத்தால் ஈடுசெய்ய எண்ணி நிறுத்திவிடுவது ஆபத்தானது.

ஆபத்துகளைப் பற்றிச் சொல்லும்போது மிகைப்படுத்தத் தேவையில்லை. சமைத்த சிப்பிக் காளான் பெரும்பாலானோருக்குத் தீங்கற்ற உணவு. எனினும், இலங்கை ஆய்வில் பங்குபற்றிய நோயாளர் மருந்து உட்கொள்ளாதவர்கள் என்பதை மறக்கலாகாது. இன்சுலின் ஏற்றுபவரோ அதனைத் தூண்டும் குளிசை எடுப்பவரோ செறிந்த காளான் தூளையும் சேர்த்தால், குளுக்கோசு அளவுக்கு மீறி இறங்க வாய்ப்புண்டு. மருத்துவருக்குத் தெரிவித்தபின் தொடங்குவதே முறை. பொற்றாசியம் மிகுந்த உணவைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்ட சிறுநீரக நோயாளர் அவ்வறிவுரையில் காளானையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பச்சைச் சிப்பிக் காளானில் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கவல்ல ஒஸ்ட்ரியோலைசின் என்ற புரதம் உண்டு. வெப்பத்தில் அது செயலிழக்கிறது. ஆகவே வீட்டில் உலர்த்திய தூளைக் குளிர்நீரில் கலக்கிக் குடிப்பதைவிட, இலைக்கஞ்சியிலோ சொதியிலோ இட்டுக் கொதிக்கவைப்பது நல்லது. கைற்றின் கலச்சுவர் இளகுவதற்கும் அவ்வெப்பம் வேண்டும். காளான் வேகும்போது விடும் நீரில் கரைசத்துகள் இறங்குவதால், தேங்காய்ப்பாலில் வற்றவைக்கும் யாழ்ப்பாணக் கறிமுறை இவ்வகையில் குறைகூற இயலாதது.

தரத்தைப் பொறுத்தவரை குளிசையின் நிலை கறியைவிடப் பலவீனமானது. காளானைக் கண்ணால் பார்த்து வாங்கலாம். தூளின் உள்ளடக்கம் உறையின் சொல்லை நம்பியது. அமெரிக்காவில் கானோடெர்மா என்ற காளானின் பெயரில் விற்ற 19 பொருட்களை ஆராய்ந்த 2017ஆம் ஆண்டு ஆய்வொன்றில், உறையில் எழுதியவாறே அமைந்திருந்தவை 5 மட்டுமே. தானியத்தில் பூசணவலையை வளர்த்து, தானியத்தோடு சேர்த்தே அரைத்துக் காளான் என்று விற்கும் முறையும் உலகச் சந்தையில் உண்டு. அத்தகைய தூளில் வாங்குபவர் பெருமளவு மாப்பொருளுக்கே பணம் செலுத்துகிறார், நீரிழிவு நோயாளருக்கு அது இரட்டை நட்டம். இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும், மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட எல்லைநிலைப் பொருட்களையும் தன் வரம்புக்குள் கொண்ட 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டமும் இத்துறையை ஆள்கின்றன. கோப்பியிலும் தேநீரிலும் காளான் கலந்து நேரில் விற்கும் முகவர்களிடம் முதலில் கேட்கவேண்டியது, எத்தனை மில்லிகிராம், கனியுடலா பூசணவலையா என்பதுதான்.

இக்கேள்விகளுக்கு நேர்மையாக விடையளிக்கக்கூடியவர் உள்ளூர் வளர்ப்பாளரே. விவசாயத் திணைக்களம் பரப்பிய முறையில், பத்துக் கிலோகிராம் மரத்தூளுக்கு ஒரு கிலோகிராம் அரிசித்தவிடு, 200 கிராம் கல்சியம் காபனேற்று, 100 கிராம் பயற்றமா அல்லது சோயாமா, 20 கிராம் மக்னீசியம் சல்பேற்று என்ற கணக்கில் கலந்து, ஈரமாக்கி, பையில் அடைத்து, நீராவியில் அவித்து, ஆறியபின் காளான் வித்து இடப்படுகிறது. தென்னிலங்கையில் றப்பர் மரத்தூள் தாராளமாகக் கிடைக்கிறது; குடாநாட்டில் றப்பர் இல்லாமையால் மரக்காலைகளில் கிடைக்கும் மாமரத் தூளே அதன் இடத்தைப் பிடிக்கிறது. இங்குக் கவனம் வேண்டும். பிளூரோட்டசு தன் ஊடகத்திலுள்ள கட்மியம், இரசம் போன்ற பார உலோகங்களை உறிஞ்சிச் சேர்க்கும் இயல்புடையது. பூச்சியடிக்காமலிருக்க மருந்தூட்டிய பலகையின் தூள் கலந்தால் அது காளானுக்குள்ளும், பத்திலொன்றாக உலர்ந்த தூளில் பத்துமடங்கு செறிந்தும் வந்துசேரும். குளிசைக்கென்று விளைவிப்பவர் கறிக்கு விளைவிப்பவரைவிட மரத்தூளின் மூலத்தை இருமடங்கு விசாரிக்க வேண்டியது இதனாலேயே.

குடாநாட்டின் காலநிலை வளர்ப்பாளருக்கு முழுத் துணையன்று. கனியுடல் தோன்ற 80 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதம் வேண்டியிருக்க, சோளகக் காற்று வீசும் மாதங்களில் கிடுகுக் கொட்டிலுக்குள் ஈரச்சாக்கும் நாளுக்குப் பலமுறை நீர்த்தெளிப்பும் இன்றி முடிவதில்லை. 30 பாகை செல்சியசுக்கு மேலும் விளையும் பால் காளான் இவ்வெப்பத்துக்கு ஏற்றது. அருப்புக்கோட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏபிகே 2 என்ற வகை அதற்குப் பெயர்பெற்றது. ஆனால் அது வேறு சாதி. சிப்பிக் காளானில் கண்ட குளுக்கோசுக் குறைவைப் பால் காளான் உறையின் மேல் அச்சிட முடியாது. கொட்டிலில் பணிபுரிவோருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: குடை விரிந்து ஓரம் மேல்நோக்கிச் சுருளும்வரை விட்டால் சிப்பிக் காளான் பெருந்தொகையான வித்திகளை உதிர்க்கும், அவற்றை நாள்தோறும் சுவாசிப்போருக்கு இருமலும் நெஞ்சிறுக்கமும் ஏற்படும். ஓரம் தாழ்ந்திருக்கும்போதே பறிப்பது விலைக்கும் நல்லது, நுரையீரலுக்கும் நல்லது.

யாழ்ப்பாணத்தில் தடையின்றிக் கிடைப்பது வெயில். பறித்த காளானைக் கிழித்து, குடையின் அடிப்புறத்துச் செதிளடுக்கு மேல்நோக்கி இருக்குமாறு பரப்பி, நண்பகல் வெயிலில் கால் மணிமுதல் இரண்டு மணிவரை விட்டால், 100 கிராம் புதிய காளானில் 10 மைக்கிரோகிராமுக்கு மேற்பட்ட விற்றமின் டீ2 உருவாகும் என்று அளவீடுகள் காட்டுகின்றன. அது வளர்ந்தவர் ஒருவருக்கு ஒருநாளுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவை நெருங்குவது. கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் இவ்விளைவு இல்லை, ஏனெனில் வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். மீனும் முட்டையும் உண்ணாத வீடுகளுக்கு இது உண்மையிலேயே குறைநிரப்பும் உணவு. எந்த வியாதியைப் பற்றியும் வாக்குறுதி அளிக்க வேண்டிய கட்டாயமும் அதற்கில்லை.

நீரிழிவைப் பொறுத்தவரை இன்னும் ஒரு வெற்றிடம் எஞ்சுகிறது. 20 வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்று 2008இல் வெளியான பெரிய கணக்கெடுப்பு, போர்ச்சூழலால் வடக்கு, கிழக்கு மாகாணங்களைத் தவிர்த்து ஏழு மாகாணங்களிலேயே நடத்தப்பட்டது. தூளை அருந்தி உடனடியாக அளந்த குளுக்கோசுக்கும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற குருதிப் பரிசோதனைக்கும் இடையில் நெடுந்தூரம் உண்டு. அத்தூரத்தைக் கடக்கும் ஆய்வொன்றை நெல்லியடிக்கு அருகில், மந்திகையிலுள்ள ஆதார வைத்தியசாலை போன்ற இடத்தில் நடத்துவதாயின், அதன் தேவைகள் பெரிதல்ல: ஒரே கொட்டிலில், ஒரே குலத்தில், மூலம் தெரிந்த மரத்தூளில் விளைந்த காளான், ஒரு குழுவுக்கு நாளுக்கு 30 கிராம் கறியாகவும், மற்றொரு குழுவுக்கு அதே அளவு 3 கிராம் தூளாகவும், மூன்றாவது குழுவுக்குக் காளான் இன்றி வழமையான மரக்கறியாகவும் கொடுத்து, மூன்று மாத முடிவில் மூன்று குழுக்களின் எச்பிஏ1சியையும் ஒப்பிடுதல். தூளும் கறியும் சமமென்று தெரிந்தால் போத்தலுக்குக் கொடுக்கும் மேலதிக விலை கெடாமல் இருப்பதற்கான விலை மட்டுமே என்றாகும்; தூள் மேம்பட்டதென்று தெரிந்தால், எத்தனை கிராமுக்கு எவ்வளவு என்பதை உறையில் அச்சிட வடமராட்சியின் வளர்ப்பாளருக்கு முதன்முறையாக ஓர் எண் கிடைக்கும்.